இரண்டாம் பாதி முதலில்

எங்கள் வீட்டில் பதினாறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். ஒன்றரை வருடமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. அங்கிள் கிடையாது, அப்பா கிடையாது, சார்கூடக் கிடையாது. அது போகட்டும், 'நீங்க' என்றுகூட ஒரு தடவை சொன்னதில்லை. நம்ப மாட்டீர்கள். வீட்டில் யாரிடமாவது ஒரே ஒரு நாள் அப்படிப் பேசிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

அவள் கண்டுபிடித்த வழி 'ஆச்சு'. "சாப்பிட்டாச்சா?" "கடை பூட்டியாச்சா?" "சாவி எடுத்தாச்சா?" யார் சாப்பிட்டது, யார் பூட்டியது என்ற பேச்சே வராது. கட்டளை போட வேண்டிய இடத்தில், "கேஸ் சிலிண்டருக்குச் சொல்லணுமாம், அம்மா சொன்னாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் போய்ச் சொல்லிவிட்டு வரும் என்று நினைக்கிறாளோ என்னவோ. தமிழில் இவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

அவள் என் மனைவியின் மூத்த மகள். எதைச் சொன்னாலும் தீர்ப்பு மாதிரி ஒரே வரியில் சொல்வதால் வீட்டில் அவள் பெயர் ஜட்ஜ். இளையவளுக்குப் பதின்மூன்று, வாலு. இவர்களுடைய அப்பா இறந்து ஏழு வருடம் ஆகிறது. நான் கண்ணாடிக் கடைக்காரன். நாற்பத்தாறு வயது வரைக்கும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'ஊருக்கெல்லாம் பவர் பார்க்கிறவனுக்குப் பொண்ணு பார்க்கக் கண்ணு தெரியலை' என்று கடைத்தெருவில் என்னைக் கேலி பேசாதவர்கள் கிடையாது. அப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி படிக்கும் கண்ணாடி செய்துகொள்ள வந்தாள். இரண்டு தடவை காது வளைவைச் சரிசெய்ய வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது அதில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை. அவள்தான் என் மனைவி.

வாலு முதல் வாரமே என்னைக் 'கண்ணாடி அங்கிள்' ஆக்கி, மறுவாரம் அங்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் 'கண்ணாடி' ஆக்கிவிட்டாள். "கண்ணாடி, ரிமோட்டைக் குடுங்க." எனக்கு அதில் பரம சந்தோஷம். ஜட்ஜ்தான் அசையவில்லை.

பரீட்சை விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னால் ஜட்ஜ் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து மாட்டினாள். ஹாஸ்டல் விண்ணப்பம். கடைசி இரண்டு வருடப் படிப்பை அங்கே தங்கிப் படிக்கப் போகிறாளாம். கொடுக்கக் கடைசி நாள், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை.

"இங்க என்னடி குறை?" என்றாள் என் மனைவி.

"இடைஞ்சல் இல்லாம படிக்கணும்" என்றாள் ஜட்ஜ்.

அந்த வீட்டில் புதிதாக வந்த இடைஞ்சல் யார் என்று எனக்குத் தெரியாதா? என் மனைவி சமையலறைக்குப் போய் ஒரே டம்ளரைப் பத்து நிமிடம் கழுவினாள். அப்புறம் என்னிடம் மெதுவாக, "நீயே நிரப்பு, நான் கையெழுத்துப் போடறேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். தடுத்தா இன்னும் தூரமாப் போயிடுவா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் அவசரப்பட்டுட்டேனோ?" என்றாள். எதில் அவசரப்பட்டாள் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்தப் பெண் வீட்டை விட்டுப் போனால் காரணம் நான். என் மனைவி ஆயுசுக்கும் வாய் திறந்து அதைச் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

விடுமுறையில் என் மனைவிக்குப் பகல் டியூட்டி. மத்தியானம் கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கப் போவது நான்தான். ஒன்பது நாள், இரண்டு பெண்கள். எனக்குச் சமைக்கத் தெரியாது, ஜோக் சொல்லத் தெரியாது, கணக்குச் சொல்லிக் கொடுத்தால் தப்பாகச் சொல்லிக் கொடுப்பேன். என்னிடம் இருப்பதெல்லாம் பழைய படங்கள். கல்யாணம் ஆகாத காலத்தில் சேர்த்தவை, இருநூற்றுப் பன்னிரண்டு. என் மனைவி அந்த அலமாரிக்கு 'உங்க சீதனம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். அதிலிருந்து நல்லதாக நாலு படம் போட்டுக் காட்டினால் என்ன என்று தோன்றியது. சேர்ந்து உட்கார்ந்து இரண்டு தடவை சிரித்துவிட்டால்கூடப் போதுமே.

எந்தப் படம்? அங்கேதான் என் மண்டை காய்ந்தது. கடையில் ஆள் வராத நேரத்தில் ஒரு நோட்டை எடுத்து எல்லாப் படங்களையும், ஞாபகத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்போடு, வரிசையாக எழுதினேன். பெயர்களை உங்களிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால், 'அதைப் போய் விட்டுட்டியே' என்று ஆளாளுக்குச் சண்டைக்கு வருவீர்கள்.

முதலில் அப்பா சாகிற படங்களை அடித்தேன். எண்ணிப் பார்த்தால் எழுபத்தொன்பது காலி. அந்தக் காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு அப்பாக்கள் மேல் அப்படி என்ன கோபம் என்று தெரியவில்லை. ஒரு அப்பா இருமிவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தால் போதும், ஆள் தேற மாட்டார். அடுத்து, அம்மா மறுமணம் செய்துகொள்கிற படங்கள். மூன்றே மூன்றுதான் இருந்தன. மூன்றிலும் என்னைப் போன்றவன் கடைசியில் மாடிப்படியில் உருண்டு செத்தான். அடித்தேன். கணவனை இழந்தவள் தையல் மெஷின் மிதிக்கிற படங்கள் நாற்பத்தொன்று, அவையும் போயின. ஹாஸ்டலில் ஒரு பிள்ளை சந்தோஷமாக இருக்கும் படம் ஒன்று இருந்தது, அதை இரண்டு கோடு போட்டு அடித்தேன். ஹாஸ்டலில் ஒரு பிள்ளை தேம்பித் தேம்பி அழும் படம் ஒன்றும் இருந்தது. அதை அடிக்க மனசு வராமல் ஒரு நாள் வைத்திருந்தேன். மறுநாள் எனக்கே வெட்கமாகப் போய் அடித்தேன்.

இப்படி அதையும் இதையும் சொல்லி அடித்துக்கொண்டே போய்க் கடைசியில் பதினொன்று மிஞ்சியது. கடையில் ஃபிரேம் எடுத்துக் காட்டும் அக்கா பட்டியலை வாங்கிப் பார்த்தாள்.

"என்னண்ணே, இதுல யாருக்கும் ஒரு காய்ச்சல்கூட வரலையே. இதெல்லாம் ஒரு படமா?"

"உனக்கு யாராவது சாகணும். போய் லென்ஸைத் துடை" என்றேன்.

பன்னிரண்டாவதாக ஒரு படம் இருந்தது. மூன்று தடவை அடித்து, மூன்று தடவை மறுபடி எழுதினேன். ஸ்டேஷன் மாஸ்டர் படம் என்று நான் சொல்லிக்கொள்வேன். ஒரு நாளைக்கு இரண்டே ரயில் நிற்கிற ஒரு குட்டி ஸ்டேஷன். அதன் மாஸ்டருக்குத் தாயில்லாத ஒரு மகள். மகள் கல்யாணத்தில் தானே ட்ரம்பெட் வாசிக்க வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை, ஆனால் சுட்டுப் போட்டாலும் வராது. அவர் வாசிக்க ஆரம்பித்தால் ஊரே காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளும். இடைவேளை வரைக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். இடைவேளைக்குப் பிறகு அவர் செத்துப்போவார்.

படம் இரண்டு டிஸ்க்கில் இருந்தது, சரியாக இடைவேளையில் உடைத்திருந்தார்கள். எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. முதல் டிஸ்க்கை மட்டும் போட்டுச் சிரிக்க வைத்துவிட்டு, இரண்டாவதில் கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் மத்தியானம் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு ஆரம்பித்தேன். கடையில் பவர் பார்க்கும்போது ஒரு லென்ஸை வைத்து, "இது தெளிவா?" என்போம். மாற்றி வைத்து, "இப்ப?" என்போம். அதே மாதிரி ஒவ்வொரு படத்திலும் பத்துப் பத்து நிமிடம் போட்டேன்.

"இதுவா, முன்னாடி போட்டதா?"

"ரெண்டும் மங்கல் கண்ணாடி" என்றாள் வாலு. "ஏன் எல்லாரும் பக்கத்துத் தெருவுல இருக்கறவங்களைக் கூப்பிடற மாதிரி கத்தறாங்க?"

"அப்ப மைக் தூரத்துல இருந்திருக்கும்."

"அந்தக்கா ஏன் மரத்தைப் புடிச்சுக்கிட்டே பாடறாங்க? மரம் ஓடிடுமா?"

ஜட்ஜ் சோபாவுக்கு வரவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஆனால் பக்கம் புரளும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் படம் போட்டேன். ஆள் மாறாட்டப் படம், புதையல் படம், மாமியாரை ஏமாற்றுகிற படம். வெள்ளிக்கிழமைக்குள் பதினொன்றும் தீர்ந்துவிட்டன. ஜட்ஜ் புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரிடம் ஒரே ஒரு வரி சொன்னாள்.

"எதுவுமே நடக்காத படமாப் பொறுக்கியாச்சு போல."

அன்று சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போனபோது ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். விண்ணப்பம் முழுக்க நிரப்பியிருந்தது. குண்டு குண்டான அழகான எழுத்து. அம்மா கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. தண்ணீர் எடுக்காமலே திரும்பினேன்.

சனிக்கிழமை ஸ்டேஷன் மாஸ்டரைத் தவிர வேறு வழி இல்லை. இந்த இடத்தில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு வெள்ளெழுத்து. நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் வரும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உடனே கண்ணாடி போடுங்கள் என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்லுகிறவன் நான். ஆனால் வீட்டில் நான் போட்டுக்கொள்வதில்லை. ஏற்கெனவே அந்தப் பெண்கள் கண்ணுக்கு நான் கிழவன், இதில் மூக்கு நுனியில் கண்ணாடி வேறு எதற்கு? என் படிக்கும் கண்ணாடி கடை மேஜையிலேயே கிடக்கும்.

அந்த டிஸ்க்குகளின் உறை எப்போதோ தொலைந்துவிட்டது. அடையாளத்துக்கு முதலாவதில் ஒரு கோடும் இரண்டாவதில் இரண்டு கோடும் நானே மார்க்கரால் போட்டிருந்தேன். புத்திசாலி இல்லையா, இரண்டு கோட்டையும் ஒட்டி ஒட்டிப் போட்டிருந்தேன். மேலே கிடந்த டிஸ்க்கை எடுத்தேன். தடியாக ஒரே கோடு தெரிந்தது. போட்டுவிட்டு, "ஆரம்பத்துல கொஞ்சம் மெதுவாப் போகும், அப்புறம் பாருங்க கூத்தை!" என்று வாலுவிடம் சொல்லிவிட்டு டீ போடவும் சோளம் பொரிக்கவும் சமையலறைக்குப் போனேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் என் கண்ணில் பட்டது ஜட்ஜ். சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அடடா, வந்துவிட்டாளே என்று மனசு துள்ளியது. அப்புறம்தான் டிவியைப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் முழு யூனிஃபார்மில் பெஞ்சின் மேல் கிடத்தப்பட்டிருந்தார். தொப்பி நெஞ்சின் மேல் இருந்தது. காலடியில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயையோ, இது இல்ல! டிஸ்க் மாறிப்போச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ரிமோட் எங்கே என்று தெரியவில்லை. டிவிக்கு முன்னால் நின்று, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் பட்டனைத் தடவினேன். டீ சிந்தியது. பொரி கொட்டியது.

"நீ சும்மா இரு!" என்று பின்னாலிருந்து ஒரு அதட்டல். "தள்ளு, மறைக்காதே!"

அது வாலுவின் குரல் இல்லை. நான் நகர்ந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் காதில் விழுந்தது சரிதானா என்று திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

படம் பாட்டுக்கு ஓடியது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள். ஸ்டேஷன் போர்ட்டர், வயதானவர், அருகில் வருகிறார். தன் காதில் இருந்த பஞ்சை எடுக்கிறார். அதைச் செத்தவரின் சட்டைப் பையில் செருகிவிட்டு, "இனி எனக்கு வேணாம் சாமி" என்கிறார். சுற்றி நின்ற அத்தனை பேரும் கொல்லென்று சிரித்துவிடுகிறார்கள். மகளும் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உடைந்து அழுகிறாள்.

"சாவு வீட்டுல எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்றாள் வாலு.

"தெரியல. பேசாம பாரு" என்றாள் ஜட்ஜ்.

அதற்குப் பிறகு மகள் வளர்ந்து வேலைக்குப் போய், வருடங்கள் கழித்து அந்த ஊருக்குத் திரும்பி வருகிறாள். போகிற இடத்தில் எல்லாம் அவள் அப்பாவைப் பற்றி ஒரு துண்டு கிடைக்கிறது. "உங்கப்பா வாசிச்ச அன்னிக்கு என் மாடு ரெண்டு நாள் பால் கறக்கலை" என்கிறாள் ஒருத்தி. "எது வாசிச்சாரு? என்ன வாசிச்சாரு?" என்று வாலு துடித்துப்போய்விட்டாள். கடைசியில் மகள் பரண்மேல் இருந்து ட்ரம்பெட்டை எடுத்து, தூசி தட்டி, வாயில் வைத்து ஊதுகிறாள். நாராசம். பிளாட்பாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிழட்டுப் போர்ட்டரின் கை தூக்கத்திலேயே பஞ்சைத் தேடுகிறது. அதோடு படம் முடிகிறது.

ஜட்ஜ் அழுதுகொண்டிருந்தாள். வாலு அழுதுகொண்டே பொரி தின்றாள். நான் யோக்கியன் மாதிரி சொல்வானேன், எனக்கும் மூக்கு ஒழுகியது.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன். "ரெண்டாவது டிஸ்க்கை முதல்ல போட்டுட்டேன். உங்களுக்கு முதல் டிஸ்க் மட்டும்தான் காட்டறதா இருந்தேன். இதுல கீறல்னு பொய் சொல்லலாம்னு நெனச்சேன்."

"எதுக்கு?"

"முதல் டிஸ்க்ல அவரு உயிரோட இருப்பாரு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தபோது முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா செத்துப் போனது எங்களுக்குத் தெரியாதா? அது ஒண்ணும் எங்களுக்கு ஸ்பாய்லர் இல்ல."

நான் தரையில் கொட்டிய பொரியைப் பொறுக்கினேன்.

"முன்னாடி அம்மா எப்பப் பாரு அப்பா கதைதான் சொல்லுவாங்க. இப்ப அந்தப் பேச்சு வந்தாலே அடுப்பைப் பாக்கப் போயிடறாங்க. அவரு போட்டோ ஹால்ல இருந்தது, எங்க ரூமுக்குப் போயிடுச்சு. இப்பப் படத்துலகூட அப்பா இல்லாம பாத்துப் பாத்து எடுத்தாச்சு. அந்த நோட்டை நான் பாத்தேன். எல்லாரும் கால் நுனியில நடந்தா நான் எப்படிப் படிக்கிறது? ஹாஸ்டல்ல யாரும் என்னைப் பாத்துப் பயப்பட மாட்டாங்க."

இடைஞ்சல் என்று அவள் சொன்னது இதைத்தானா! நான் வந்ததை அல்ல, வந்த நாளிலிருந்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்ததை. மனுஷன் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று எவ்வளவு பெரிய கழுதையாக முடியும் என்று யோசித்தேன். வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலவும் இருந்தது.

"கண்ணாடி" என்றாள் வாலு, "முதல் டிஸ்க்கைப் போடுங்க. அந்தப் பஞ்சு விஷயம் தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

போட்டேன். இந்தத் தடவை டிஸ்க்கை ஜட்ஜ் வாங்கி, கோட்டை எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

முதல் காட்சியிலேயே ஸ்டேஷன் மாஸ்டர் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடி வருவார். அவர் முகம் தெரிந்ததும் வாலு துள்ளி எழுந்து, "ஏய், வந்துட்டாரு! மறுபடியும் வந்துட்டாரு!" என்று கத்தினாள். இருபது தடவை அந்தப் படத்தைப் பார்த்தவன் நான். அந்த மனுஷன் ஓடி வருவதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான். ட்ரம்பெட் வந்தது, மாடு வந்தது, போர்ட்டர் தலையணையைக் கிழித்து ஊருக்கெல்லாம் பஞ்சு விநியோகம் செய்தார். ஜட்ஜ் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சோபாவில் சாய்ந்து, சத்தமாகச் சிரித்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்றே எனக்குத் தெரியாது.

"அப்பா குளிக்கும்போது இப்படித்தான் பாடுவாரு" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரரு எரிச்சல்ல மோட்டாரைப் போட்டு விடுவாரு."

"எனக்கு ஞாபகமே இல்ல. சொல்லு, இன்னும் சொல்லு" என்றாள் வாலு.

பேச்சு சுவாரஸ்யத்தில், நான் படத்தை நிறுத்தியதையோ, என் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்ததையோ அவர்கள் கவனிக்கவில்லை. டியூட்டிப் பையைத் தோளில் மாட்டியபடியே வாசலில் நின்றாள். மகள் சொல்வது காதில் விழுந்ததும் அவள் முகம் மாறியது. பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் காலை எடுத்து வைத்தாள். என்னைப் பார்த்தாள். 'இரு' என்று கையைக் காட்டினேன். கொஞ்சம் நின்றாள். பையை இறக்கி வைத்தாள்.

"மோட்டார் இல்லடி" என்றாள். "மிக்ஸி. வெறும் மிக்ஸியை ஓட்டுவாரு. ஒரு நாள் அது எரிஞ்சே போச்சு. உங்கப்பாதான் பாவம்னு புதுசு வாங்கிக் குடுத்தாரு."

அன்றைக்கு இரவுச் சாப்பாடு யாரும் சமைக்கவில்லை. பிரெட்டைத் தின்றுகொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் எழுந்து போய் அவர்கள் அறையில் இருந்த போட்டோவைக் கொண்டுவந்து ஹாலில் பழைய ஆணியிலேயே மாட்டினேன். நல்ல முகம். போட்டிருந்த மூக்குக்கண்ணாடிக்குத்தான் ஃபிரேம் சரியில்லை, மூக்கில் நழுவியிருந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் நீங்கள் என்னைப் போன்ற அசடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜட்ஜ் பால் பாக்கெட்டோடு வந்து, "டீ போட்டாச்சா?" என்றாள். மறுபடியும் ஆச்சு. கூடவே, "நேத்து கத்தினதுக்கு சாரி" என்று ஃபிரிட்ஜிடம் சொல்லிவிட்டுப் போனாள். "பரவாயில்லம்மா" என்றேன். மனசுக்குள், அட பாவிப் பெண்ணே, அதைப் போய் வாபஸ் வாங்குகிறாயே என்றிருந்தது. அன்று முழுக்க விண்ணப்பம் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் மனைவி டியூட்டிக்குப் போய்விட்டாள். நான் பால் எடுக்க வந்தால் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜட்ஜ் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள் போலிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேஜைமேல் அந்தக் காகிதம் கிடந்தது, குப்புற. பின்பக்கம் முழுக்க ஏதோ எழுதியிருந்தது. கையில் எடுத்துத் தூரமாகப் பிடித்தேன், கிட்டத்தில் கொண்டுவந்தேன், ஜன்னல் பக்கம் திருப்பினேன். ஒரு எழுத்து பிடிபட்டால் கேளுங்கள்.

பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு ஜட்ஜ் பின்னால் வந்து நின்றாள். அம்மாவின் பழைய படிக்கும் கண்ணாடியை, அதுதான், மூன்று தடவை என் கடைக்கு வந்த கண்ணாடியை, என் முன்னால் வைத்தாள்.

"போட்டுக்கோ" என்றாள்.

போட்டுக்கொண்டேன். என் நோட்டில் நான் அடித்த படங்களில் பதினாலை வரிசையாக எழுதியிருந்தாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சனிக்கிழமை. பெயர் எழுதவில்லை, என்னுடைய நோட்டில் இருந்த குறிப்பை அப்படியே எழுதியிருந்தாள். ஒன்று, கைக்குட்டை அப்பா. இரண்டு, தையல் மெஷின். மூன்று, மாடிப்படியில் உருளுகிறவன். பேனாவை அழுத்தி எழுதியதில் மை மறுபக்கம் வரைக்கும் ஊறி, அவள் பெயரும் பிறந்த தேதியும் கறுத்துப் போயிருந்தன.

"இது விண்ணப்பம் ஆச்சேம்மா" என்றேன். "இன்னிக்குக் கடைசி நாள்."

"தெரியும்" என்றாள் ஜட்ஜ், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே. "நீ பாட்டுக்கு ஓடிப்போய் வேற ஃபாரம் வாங்கிட்டு வந்துடாதே."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன்.

"என்ன ஆச்சு?" என்று பதறினாள் என் மனைவி.

"அவ போகலை. ஃபாரம் மேல படப் பட்டியல் எழுதிட்டா. வேற ஃபாரம் வாங்கக் கூடாதுன்னு என்னை 'நீ' போட்டு மிரட்டிட்டுப் போறா."

அந்தப் பக்கம் அழுகிறாள் என்று தெரிந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மாவின் குரலுக்கு வந்தாள். "அதுக்காக? உங்க வயசு என்ன, அவ வயசு என்ன? பெரியவங்களை நீ, வா, போன்னா பேசறது? சாயங்காலம் வரட்டும், நாலு வார்த்தை கேக்கறேன்."

"ஐயோ தாயே" என்றேன், "உனக்குப் புண்ணியமாப் போகும். நீ சும்மா இரு!"